புள்ளக் காம்பரா

முதல் அடி விழுந்தபோது அங்கம்மா எண்ணெய்ச் சட்டியில் வாழைக்காய் பஜ்ஜியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். அது அடி என்றே அவளுக்குப் படவில்லை. காற்றுக்கு எதிர்க்கடைத் தகரம் படபடக்கிறது என்று நினைத்தாள். இரண்டாவது அடியில்தான், தகரம் "ஐயோ" என்று கத்தாது என்பது உறைத்தது.

அரவேணுவைத் தாண்டிப் போனால், மெயின் ரோட்டிலிருந்து எஸ்டேட் ரோடு பிரிகிற முக்கு ஒன்று வரும். பஸ் நிற்கும் இடம், ஆட்டோ ஸ்டாண்டு, காளிமுத்துவின் கறிக்கடை, கமலேஷின் செல்போன் கடை, அங்கம்மாவின் டீக்கடை, அவ்வளவுதான் அந்த உலகம். டீக்கு அங்கே பெரிய பெயர் ஒன்றும் கிடையாது. தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு இவ்வளவு சுமாராக டீ போடத் தனித் திறமை வேண்டும் என்று அங்கம்மாவே சொல்வாள். கடை ஓடுவது அவள் வாயால். புருஷன் ஓடிப்போன கதையைக்கூட டீக்குக் கடித்துக்கொள்ளும் மொறுமொறு வர்க்கியோடு சேர்த்து வாடிக்கைக்காரர்களுக்குப் பரிமாறியவள். "ஓடிப்போனாருங்க, அது சரி. அந்த ஒடம்ப வெச்சுக்கிட்டு எப்படி ஓடுனாருன்னுதான் இன்னிக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல."

யாராவது முறைத்தால் ஒரு ஜோக். யாராவது "சிலோன்" என்று கூப்பிட்டால் இன்னொரு ஜோக். மழைக்குக் குடை மாதிரி அவளுக்கு அது. சின்ன வயதில் அந்தப் பெயரோடு கல்லும் சேர்ந்து வரும். அவளுடைய அப்பனும் அம்மாவும் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து இந்த மலையில் இறங்கியவர்கள். அம்மா டீயைத் 'தேத்தண்ணி' என்பாள், ரொட்டியைப் 'பாண்' என்பாள். பள்ளிக்கூடத்தில் ஒருநாள் பாண் என்று சொல்லிவிட்டு வருஷம் முழுக்க அதையே பட்டப்பெயராகச் சுமந்த அங்கம்மா, அம்மாவின் பேச்சையெல்லாம் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டு, "ஏனுங்க", "வாங்கோ" என்று கோயமுத்தூர்க்காரர்களே கூச்சப்படும் அளவுக்குப் பேசக் கற்றுக்கொண்டாள்.

அன்று காலையிலிருந்தே முக்கு சரியில்லை. எல்லோருடைய செல்போனிலும் ஒரே பெண்குரல் அழுதுகொண்டிருந்தது. வடக்கேயிருந்து பிள்ளை பிடிக்கிற கும்பல் மலையேறியிருக்கிறதாம். முதலில் குழந்தைகளைக் கேமராவில் படம் பிடிப்பார்களாம், அப்புறம் தூக்குவார்களாம். யார் பேசுகிறாள், எந்த ஊர், என்றைக்கு நடந்தது, ஒன்றும் கிடையாது. அழுகிறாளே, பொய்யாக இருக்குமா என்று முடிவாகிவிட்டது.

"என்னையத் தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க, அங்கயாவது கெடந்து தூங்கறேன்" என்றாள் அங்கம்மா.

"உங்களையத் தூக்குனா, முக்கு திரும்பறதுக்குள்ள அவனே போலீஸ் டேசன்ல போயி விழுந்துருவானுங்க்கா" என்றான் ஆட்டோ சுரேஷ். கடையே சிரித்தது. பெஞ்சு ஆடியது.

இப்போது அதே சுரேஷ்தான் பஸ் நிறுத்தத்தில் ஒருவனைச் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தான். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அந்த ஆள் ஒல்லி, பார்த்தால் வடக்கத்தி ஆள். மழைக்குத் தலையில் கவிழ்த்திருந்த சாக்கு தோளில் சரிந்து கிடந்தது. பக்கத்தில், கோத்தகிரியில் காலேஜ் படிக்கிற ஜீவிதா தன் குட்டித் தங்கச்சியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"என்னடா கேட்ட அந்தப் புள்ளைகிட்ட? மறுக்காச் சொல்லு!"

"புள்ள கேமரா எங்கன்னு கேட்டானுங்கண்ணா" ஜீவிதாவுக்குக் குரல் உடைந்தது. "புள்ள எடுக்கணும், புள்ள எடுக்கணும்னு என்ற தங்கச்சியவே பாத்தானுங்க."

கேமரா. அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. ஆட்டோ ஸ்டாண்டு மொத்தமும் இறங்கி வந்தது. அவன் கையிலிருந்த துணிப்பையைப் பிடுங்கிக் கொட்டினார்கள். ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு சின்ன மஞ்சள் ஸ்வெட்டர்.

"பிஸ்கட்டக் காட்டிக் கூப்புட வேண்டியது, சாக்குல போட்டுக் கட்ட வேண்டியது" என்றான் கறிக்கடைக் காளிமுத்து. ஸ்வெட்டர் எதற்கு என்று அவனுக்குக் கணக்கு வரவில்லை. வராத கோபத்தையும் சேர்த்து அந்த ஆளின் வாயில் குத்தினான்.

பல் ஒன்று ஈரத் தாரில் விழுந்ததை அங்கம்மா கடைக்குள்ளிருந்தே பார்த்தாள். பல் இவ்வளவு வெள்ளையாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. அவன் குனிந்து அதை எடுக்கப் போனான். தன் பல்லைத் தானே பொறுக்கப் போன கையைச் சுரேஷின் செருப்பு மிதித்தது. விழுந்தவனின் இடுப்பில் ஒருவன் உதைத்தான், விலாவில் இன்னொருவன். உதைக்க இடம் கிடைக்காதவர்கள் வெளியிலிருந்து காறித் துப்பினார்கள். கமலேஷ் செல்போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, "மூஞ்சி தெரியல, கொஞ்சம் தள்ளி நின்னு அடிங்கண்ணா" என்று வழி சொல்லிக்கொண்டிருந்தான்.

காளிமுத்து மூச்சிரைக்கக் கடைக்குள் நுழைந்தான். வெந்நீர் அடுப்புக்காக அடுக்கி வைத்திருந்த கற்பூர மர விறகில் தடித்த கட்டை ஒன்றை உருவினான்.

"வெறகு ஒண்ணு எடுத்துக்கறனுங்க்கா."

"எடுத்துக்க, காளி" என்றாள் அங்கம்மா.

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லிப் பழகாத வாய், பாவம். மரியாதையாகக் கேட்டான், மரியாதையாகக் கொடுத்துவிட்டாள். ஒரு மனிதனின் மண்டையை உடைக்க இவ்வளவு மரியாதை எங்கும் நடந்திருக்காது.

கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். வழக்கம் போலக் குடையை விரித்தாள்.

"டேய் காளி, கறிக்கடையில ஆட்டுக்கே இத்தன அடி இல்லையேடா! சூப்பு வெக்கப் போறியா?"

சிரித்தார்கள். நிஜமாகவே சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே சுரேஷ் இன்னொரு உதை விட்டான். சிரிப்பு கொடுத்த தெம்பில் அந்த உதை முன்னதைவிட பலமாக விழுந்தது. இத்தனை வருஷம் தன்னைக் காப்பாற்றிய குடை, இன்னொருவன் மேல் கம்பியாகக் குத்தியதை அங்கம்மா அன்றைக்குத்தான் பார்த்தாள்.

திரும்பிப் போய்விடலாம் என்றும் நினைத்தாள். பஜ்ஜி தீய்கிற வாசனை வந்தது. ஒரு பெண்பிள்ளை இத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் போய் என்ன செய்துவிட முடியும்? அதுவும் இந்த மூட்டு வலியோடு? நியாயமான கேள்விகள்தான். அடுப்பைப் பார்த்து ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டாள்.

அப்போதுதான் கீழே கிடந்தவன் ரத்தத்தைத் துப்பிவிட்டு மறுபடி கத்தினான்.

"காம்பரா... புள்ள காம்பரா... காச்சல்... புள்ள எடுக்கணும்..."

அங்கம்மாவின் கால் நின்றது.

கேமரா இல்லை. காம்பரா.

பரணில் கிடந்த மூட்டை அவிழ்ந்து தலையில் கொட்டியது மாதிரி இருந்தது. 'ஒங்க அக்காவப் புள்ளக் காம்பராவுல போட்டுட்டுத்தான் பெரட்டுக்கு ஓடுவேன். அங்க இருக்கிற ஆயி பால் குடுத்துப் பாத்துக்கிடும்' என்பாள் அம்மா. காலைப் பேர் கூப்பிடுவதற்கு அம்மாவுக்குப் பெரட்டு. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டின் அறை, காம்பரா. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகிற இடம், புள்ளக் காம்பரா. இங்கே அதை ஆயாம்மா ஊடு என்பார்கள். எஸ்டேட் ரோட்டில் ஏறி இரண்டு வளைவு திரும்பினால் இருக்கிறது. சசிரேகாதான் ஆயாம்மா.

பிள்ளையைத் தூக்க வந்தவன்தான். தன் பிள்ளையை.

"டேய், நிறுத்துங்கடா! அவன் கேமரான்னு சொல்லலடா!" என்று கத்தினாள். யாருக்கும் கேட்கவில்லை. கூட்டத்துக்கு ஏது காது, கால்தான் இருந்தது. காளிமுத்து இரண்டு கையாலும் கட்டையை ஓங்குவது தெரிந்தது. அதற்கப்புறம் அங்கம்மா யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் மூட்டு வலி ஞாபகம் வந்திருக்கும். சுரேஷின் இடுப்புக்கும் இன்னொருவன் முழங்கைக்கும் நடுவே புகுந்து, விழுந்தவன் மேல் பொத்தென்று கவிழ்ந்தாள். அவள் கனத்தில் அவனுக்கு மிச்சமிருந்த மூச்சும் போயிருக்கும். அடியிலிருந்து ஒரு முனகல் வந்தது.

கட்டை இறங்கியது. தலைக்கு மேல் கொடுத்த அவளுடைய இடது கையில் இறங்கியது. சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. விறகு ஒடிந்துவிட்டது என்றுதான் அவளே முதலில் நினைத்தாள். அப்புறம் முழங்கைக்குக் கீழே கை தன்னிஷ்டத்துக்குத் தொங்குவதைப் பார்த்தாள். வலி கொஞ்சம் தாமதமாக வந்தது. வந்ததும் சும்மா வரவில்லை.

"அக்கோவ்!" காளிமுத்து கட்டையோடு நின்றான். "நீங்க எதுக்குங்க்கா நடுவுல வந்தீங்க?"

ஒரு நிமிஷம் முக்கு அடங்கியது. அங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் பின்னாலிருந்து யாரோ ஒருவன், "அவ சிலோன்தானடா, அகதிப் பொம்பள! கூட்டு சேந்தே வந்திருப்பாங்க!" என்று கத்தினான். முகம் தெரியவில்லை. குரல் மட்டும் அவள் கடையில் வர்க்கி தின்ற குரல். அதைத் தொடர்ந்து ஒரு கல் வந்து நெற்றியில் பட்டது. சூடாக ஏதோ கண்ணுக்குள் இறங்கியது.

"தள்ளுங்க்கா" சுரேஷ் அவள் தோளைப் பிடித்து இழுத்தான். "சொன்னாக் கேளுங்க. உங்களுக்கும் விழும்."

"விழட்டும்டா. விழுந்துதான் கெடக்கறேன்." அவள் எழுந்திருக்கவில்லை. ஜோக் மாதிரி வந்தது, ஆனால் இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஒற்றைக் கண்ணால் கூட்டத்தில் தேடினாள். "ஜீவிதா! கண்ணு, இங்க பாரு. அவன் கேமரான்னானா, காம்பரான்னானா?"

அந்தப் பெண் தங்கச்சியின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"சொல்லு சாமி. உன்ற ஒரு வாயிலதான் இவனோட உசிரு இருக்குது."

"கேமரான்னுதான்..." ஜீவிதா கீழே கிடந்தவனைப் பார்த்தாள். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "இல்லீங்க்கா. காம்பரா... அப்படித்தான் என்னமோ சொன்னானுங்க. நாந்தான் கேமரான்னு..."

"கேட்டுக்கங்க!" அங்கம்மா நல்ல கையைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தாள். "புள்ளக் காம்பரான்னா ஆயாம்மா ஊடுடா. எங்கம்மா சொல்லுவா. ஆமா, நா சிலோன்காரி மகதான். எங்க ஊட்டுல டீக்குத் தேத்தண்ணி, ரொட்டிக்குப் பாணு, ஆயாம்மா ஊட்டுக்குப் புள்ளக் காம்பரா. சிரிக்கறவன் சிரிச்சுக்க. யோவ், எங்கய்யா கத்துக்கிட்ட இந்த வார்த்தைய?"

அடியில் கிடந்தவன் வீங்கிய உதட்டால், "சேரம்பாடி... லயத்து அம்மா..." என்றான். சேரம்பாடித் தோட்டத்து லயங்களில் சிலோன் ஜனங்கள்தான் அதிகம் என்பது அந்த முக்கில் எல்லோருக்கும் தெரியும். ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவனுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர்கள், தங்கள் தமிழைத்தானே கொடுப்பார்கள்.

"சும்மா சொல்றான்" என்றான் கமலேஷ், செல்போனைத் தாழ்த்தாமல்.

"சரி, சும்மாதான். சுரேசு, ஆட்டோவ எடுத்துட்டுப் போயி, ஆயாம்மா ஊட்டுல கேட்டுட்டு வா. இவன் புள்ள அங்க இருந்தாச் சசிரேகாவோட கூட்டிட்டு வா. இல்லீன்னா வந்து எங்க ரெண்டு பேரையும் சேத்து அடிங்க. கட்டைக்கு எங்கயும் போக வேண்டாம், என்ற அடுப்பு வெறகுதான்."

சுரேஷ் காளிமுத்துவைப் பார்த்தான். காளிமுத்து கட்டையைப் பார்த்தான். ஒருவழியாக ஆட்டோ உறுமிக்கொண்டு கிளம்பியது.

காத்திருப்பது அடியைவிட மோசமாக இருந்தது. கூட்டம் வட்டம் கட்டி நின்றது. காளிமுத்து கட்டையைக் கீழே போடவில்லை. ஒருவன் எட்டி அந்த ஆளின் காலை மிதித்தான். அங்கம்மா அவன் பெயரைச் சொல்லி, "ஸ்ட்ராங்கு, சக்கரை தூக்கலு, உங்கம்மாவுக்குப் பார்சலு" என்றாள். அவன் காலை எடுத்துக்கொண்டான். அதையே எல்லோருக்கும் சொன்னாள். சுற்றி நின்ற ஒவ்வொருவனும் என்ன டீ குடிப்பான் என்று, மயங்கிவிடாமல் இருப்பதற்காகவே, முகம் முகமாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தாள். கும்பலாக நின்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தனித்தனி ஆட்களாக ஆனார்கள். சிலர் செருப்பைப் பார்த்தார்கள்.

ஆட்டோ திரும்பி வந்தது. சுரேஷின் காக்கிச் சட்டை முழுக்க வாந்தி. ஒரு கையில் ஹேண்டில், மறு கையில் மடியில் கிடந்த பெண்குழந்தை. பின்னாலிருந்து சசிரேகா தலைவிரி கோலமாக இறங்கினாள்.

"அட பாவிகளா! காச்சலு, வாந்தி, வந்து கூட்டிட்டுப் போன்னு நாந்தானடா ஃபேக்டரிக்கு ஆளனுப்புனேன்! சோமரியோட அப்பன்டா இவன். சுக்ரா. குடும்பத்தோட இந்த எஸ்டேட்டுக்கு வந்து ஒரு வாரங்கூட ஆகல."

சுரேஷ் குழந்தையைக் கொண்டுவந்து அந்த ஆள் முன்னால் நிறுத்தினான். குழந்தை பார்த்தது. ஒரு கண் மூடிப் போய், மூக்கு ஒரு பக்கம் ஒதுங்கி, வாயிலிருந்து ரத்தம் நூலாகத் தொங்குகிற எதையோ பார்த்தது. வீறிட்டுக்கொண்டு திரும்பிச் சுரேஷின் காலையே கட்டிக்கொண்டது.

"பாத்தியா? பாத்தியா? புள்ளைக்கு அடையாளம் தெரியல!" பின்னாலிருந்து அதே வர்க்கிக் குரல். வட்டம் ஓரடி உள்ளே வந்தது. காளிமுத்துவின் கையில் கட்டை மறுபடி உயர்ந்தது.

"அடையாளந் தெரியற மாதிரியா வெச்சிருக்கீங்க?" என்றாள் அங்கம்மா. குரல் எழும்பவில்லை. "ஜீவிதா, உள்ள வெந்நித் தவலையில மொண்டுக்கிட்டு வா கண்ணு. பச்சத்தண்ணி கலந்துக்க."

ஜீவிதா தங்கச்சியோடு ஓடினாள். அங்கம்மா சேலைத் தலைப்பை நனைத்து, ஒற்றைக் கையால் அவன் முகத்தைத் துடைத்தாள். நெற்றி, மூடிய கண்ணிமை, மூக்கோரம். தேய்க்காமல், கைக்குழந்தைக்குத் துடைப்பது போல ஒற்றி ஒற்றி எடுத்தாள். அவளுடைய நெற்றி ரத்தம் அவன் கன்னத்தில் சொட்ட, அதையும் சேர்த்துத் துடைத்தாள். இத்தனை அடிக்கும் அழாதவன் அந்த வெந்நீர் பட்டதும் விம்மினான். தூறல் சத்தமும், கடைக்குள் பஜ்ஜி கருகுகிற சத்தமும் மட்டும் கேட்டது. முகம் என்று ஒன்று மெல்ல மெல்ல வெளியே வந்தது. வயது அப்படி ஒன்றும் ஆகவில்லை. காளிமுத்துவின் தம்பி வயதுதான் இருக்கும்.

சுக்ரா நாக்கை அண்ணத்தில் வைத்து, ஆட்டுக்குட்டியைக் கூப்பிடுவது மாதிரி, 'டொக், டொக்' என்று சொடுக்கினான். பல் போன வாயில் அது சரியாக வரவில்லை. இன்னொரு தடவை செய்தான்.

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பியது. கொஞ்ச நேரம் பார்த்தது. அப்புறம் சுரேஷின் காலை விட்டுவிட்டு, தள்ளாடித் தள்ளாடி வந்து, சின்னக் கையால் அந்த வீங்கிய வாயைத் தொட்டு, தானும் 'டொக்' என்றது.

கட்டை கீழே விழுந்த சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அங்கம்மாவுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. மயங்கி விழுந்தபோது நாலு பேர் சேர்ந்துதான் ஆட்டோவில் ஏற்றினார்கள் என்றும், அவளைத் தூக்குவதைப் பற்றிக் காலையில் தான் அடித்த ஜோக் சரிதான் என்று தெரிந்தது என்றும் சுரேஷ் பிற்பாடு சொன்னான். சொல்லிவிட்டு, சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டான்.

சுக்ரா பிழைத்துக்கொண்டான். விலா எலும்பு சேர ரொம்ப நாள் ஆயிற்று, மூக்கு அப்படியேதான் நின்றுவிட்டது. போலீஸ் வந்து சிலரைக் கூட்டிப்போனது. சிலர் திரும்பி வந்தார்கள், சிலருக்கு இன்னும் கேஸ் நடக்கிறது. வர்க்கிக் குரல்காரன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அவன் இன்னமும் கடைக்கு வந்து டீ குடித்துக்கொண்டிருக்கலாம். வாடிக்கையை விரட்ட முடியுமா என்ன. கமலேஷ் எடுத்த வீடியோ மலை இறங்கிப் போய், எங்கெங்கோ சுற்றி, கூடலூரிலிருக்கும் அவளுடைய சித்தப்பா மகள் மூலமாக அவளுக்கே வந்து சேர்ந்தது. 'பிள்ளை பிடிக்கும் கும்பலில் குண்டுப் பெண்ணும் பிடிபட்டாள், ஜாக்கிரதை' என்று மேலே போட்டிருந்தது. "குண்டுன்னு போட்டதுக்கு மட்டும் கேஸ் குடுக்கலாமான்னு பாக்கறேன்" என்றாள் அங்கம்மா, கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு.

காளிமுத்து அவள் கடைப் பக்கமே வருவதில்லை. எதிர்ச்சாரியில் தலையைத் திருப்பிக்கொண்டு போவான். ஆனால் காலையில் கடை திறக்கையில் வாசலில் பிளந்த கற்பூர விறகு அடுக்கியிருக்கும். அவள் சத்தமாக, அவன் கடைக்குக் கேட்கிற மாதிரி, "வெறகு நல்லாக் காஞ்சிருக்குதுங்க, இன்னொரு கையும் தாங்கும்" என்பாள். அங்கே கத்தி கொத்துகிற சத்தம் சட்டென்று நிற்கும். வெட்கப்பட்டு அவளும் வாயை மூடிக்கொள்வாள். பழக்க தோஷம்.

டீ ஆற்ற இரண்டு கை வேண்டும். சவாரி இல்லாத நேரத்தில் சுரேஷ் ஆற்றினான். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவன் கேட்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. அவன் போடும் டீ அவளுடையதைவிடச் சுமார் என்பதே அவளுக்குப் பெரிய ஆறுதல்.

ஒருநாள் எஸ்டேட் ரோடு பிரிகிற இடத்தில் தகர போர்டு ஒன்று முளைத்திருந்தது. பெயின்ட் வழிந்த எழுத்து. சுரேஷின் ஆட்டோவுக்குப் பின்னால் 'தாயே துணை' என்று எழுதியிருக்கும் அதே கோணல் கை. காய்ச்சல் தெளிந்த சோமரியைத் தோளில் வைத்துக்கொண்டு சுக்ரா அதன் கீழே நின்று, எழுத்துக் கூட்டிப் படிக்க முயன்றுகொண்டிருந்தான். படிக்க வராமல் அங்கம்மாவைப் பார்த்தான்.

அவள் ரோட்டைத் தாண்டிப் போய் அண்ணாந்து பார்த்தாள். 'புள்ள கேமரா' என்று எழுதி, ஒரு அம்புக்குறியும் போட்டு வைத்திருந்தான்.

"டேய் சுரேசு!" என்று அவள் போட்ட சத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். "இதுக்கே ஒருத்தன் பல்லு போச்சு, எனக்குக் கை போச்சு! இன்னும் எவன் எலும்ப ஒடைக்கணும்? எறங்கி வந்து 'காம்'னு எழுதுடா! கா, கால் போட்ட கா!"

சுரேஷ் பெயின்ட் டப்பாவோடு ஓடி வந்தான்.

"நீங்க இருங்க" என்றாள் சுக்ராவிடம். பரணிலிருந்து இறக்கிய பேச்சு வாய்க்கு இன்னும் முழுசாகப் பழகவில்லை. "அவன் திருத்தட்டும். வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்."